ஆறு எங்க போச்சு?

அரையாண்டுக் கணக்குப் பரீட்சை முடிந்து மணி அடித்தபோது ஹரிணி விரலால் பெஞ்சின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். காரணிப்படுத்தச் சொன்ன ஐந்து மார்க் கணக்கின் முதல் வரி அவளுக்குத் தெரியும். அடுத்த வரியும் தெரியும். அதற்கும் அடுத்த வரியில்தான் ஒரு சின்னச் சந்தேகம். அது தீர்ந்து, கடைசி வரி வரைக்கும் மனதுக்குள் ஓடிப் பார்த்த பிறகு பேனாவைத் தாளில் வைக்கலாம் என்று இருந்தாள். டீச்சர் வந்து தாளை உருவிக்கொண்டு போனார். முன்பக்கம் எல்லாம் அச்சடித்ததுபோல இருந்தது. பின்பக்கங்கள் வெறும் வெள்ளையாகவே விடைத்தாள் கட்டில் சேர்ந்தன.

ஆறாம் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தில் இருந்து இது ஆரம்பித்தது என்று சொல்லலாம். அந்த வருடம் கணக்கில் நூறு வாங்கியவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அப்போதிருந்த டீச்சர் ஹரிணியின் தாளை மட்டும் எல்லா செக்‌ஷனுக்கும் எடுத்துக்கொண்டு போய், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது பாருங்கள் என்று தூக்கிக் காட்டினார். அன்று மதியம் தெரியாத பெண்கள்கூட வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா முனிராஜ் கம்பெனி பஸ் டிரைவர். அவர் பஸ்ஸில் ஏறுகிற எல்லோரிடமும் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்தில் ஒரு எண் தப்பினாலும் ஹரிணி அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலில் இருந்து எழுதுவாள். ஏழாவது வரைக்கும் அது முடிந்தது. எட்டாவதில் கணக்குகள் நீண்டன. ஒன்பதாவதில், மனதுக்குள்ளேயே முழுதும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவது என்பது நடக்காத காரியமாகிவிட்டது. தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, தெரியும் என்று எழுதவும் கை வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மாதேஸ்வரி முதல் ஷிப்டு முடித்துவிட்டு, கம்பெனிச் சீருடையோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கணக்கு டீச்சர் தாளைப் பிரித்து அந்த வெள்ளைப் பக்கங்களைக் காட்டினார்.

"தெரியாத புள்ளையா இருந்தா சொல்லிக் குடுத்துடுவேம்மா. இவளுக்குத் தெரியுது. எழுத மாட்டேங்கறா."

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஹரிணி தன் முடிவைச் சொன்னாள். பத்தாவது வரைக்கும் எப்படியாவது பாஸ் மார்க் வாங்கிவிடுவது, பதினொன்றாவதில் கணக்கு இல்லாத குரூப் எடுத்துக்கொள்வது. நிறைய நாட்களாக அதை மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள். அதனால் குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தது. அம்மா திட்டியிருந்தால் பதில்கூடத் தயாராக இருந்தது. ஆனால் மாதேஸ்வரி சிப்காட் தொழிற்பேட்டை கேட் வரும் வரைக்கும் கையில் இருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்கும் பத்தாவதில் கணக்குதான் போனது என்றாள், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல. அது ஹரிணிக்குத் தெரிந்த கதைதான். மத்தூரில் படித்தபோது மற்ற பாடம் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் தவறி, அப்படியே விட்டு, கல்யாணமாகி ஓசூர் வந்துவிட்டவள் அம்மா.

பொங்கல் கழிந்த பிறகுதான் மாதேஸ்வரியின் கம்பெனியில் அந்தப் பேச்சு வந்தது. கார்களுக்கு உள்ளே போகிற வயர்களைக் கட்டாகக் கட்டுகிற கம்பெனி அது. அவள் இருந்த லைனுக்கு லைன் லீடர் வேண்டியிருந்தது. புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் வேலை சொல்லிக்கொடுப்பது ஏற்கெனவே மாதேஸ்வரிதான். ஆனால் லைன் லீடருக்குப் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஜூலையில் துணைத்தேர்வு எழுதி வந்தால் அதுவரைக்கும் காத்திருக்கிறோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பக்கத்து மேசையில் வேலை செய்யும் கெம்பம்மா ஆனேக்கல்லில் இருந்து வருகிறவள், கன்னடம்தான் பேசுவாள். "ஆகுத்தெ பிடு, மாதேஸ்வரி" என்றாளாம். ஆகிவிடும், விடு. அன்று சாயந்திரம் மாதேஸ்வரி அதைக் கெம்பம்மா குரலிலேயே வீட்டில் சொல்லிக் காட்டினாள். ஒரே ஒரு பாடம்தானே, எழுதிவிட்டால் போச்சு என்றாள். முனிராஜ் சிரித்தார். சிரித்துவிட்டு மறுநாளே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் மூடியில் ஒரு கார்ட்டூன் பொம்மை கண்ணடித்துக்கொண்டிருந்தது.

ஹரிணிக்கு அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அம்மா எங்கே படிக்கப்போகிறாள் என்று தெரிகிற வரைக்கும். இரண்டு தெரு தள்ளி, மாடியில் தகரக் கூரை போட்டு வினிதா அக்கா டியூஷன் நடத்தினாள். சிவகாசிப் பக்கத்தில் இன்ஜினியரிங் படித்து, மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் மோகன்குமாரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ஹரிணியும் அவள் வகுப்புத் தோழி சுசித்ராவும் அங்கேதான் போனார்கள். ஹரிணி எப்போதும் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருவாள். போர்டுக்கு வரச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். வினிதாவும் வற்புறுத்துவதை விட்டிருந்தாள். அந்த மாடிக்கு அம்மா வரப்போகிறாள் என்றதும் ஹரிணி, வேறு எங்காவது போகலாமே என்று சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்தச் சுற்றுவழி புரியவில்லை, அல்லது புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாளே மாதேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒன்பதாவதும் பத்தாவதும் சேர்ந்து உட்காரும் பாய் அது. பாவாடையும் பேண்டுமாக இருந்த வரிசையில் ஒரு பூப்போட்ட புடவை. வினிதா போர்டில் (x + 3)² என்று எழுதி, யார் விரித்து எழுதுகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் மாதேஸ்வரி எழுந்து போய்விட்டாள். சாக்பீஸை வாங்கி, x² + 9 என்று பெரிதாக, தைரியமாக எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பிக் கைகளில் இருந்த பொடியைத் தட்டிக்கொண்டாள்.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. ஹரிணி தூணுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அது தப்பு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நடுவில் 6x வரவேண்டும். அது சூத்திரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஹரிணி சொல்லுவாள்.

வினிதா தப்பென்று சொல்லவில்லை. x-க்கு ஒன்று என்று போட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னாள். மாதேஸ்வரி போட்டாள். ஒன்றும் மூன்றும் நாலு, நாலு நாலு பதினாறு. அந்தப் பக்கம் ஒன்றும் ஒன்பதும் பத்து. பதினாறும் பத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே ஒரு பொருளைக் கைதவறவிட்டவள்போல வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆறு எங்க போச்சு?"

"அணை கட்டிட்டாங்க அக்கா" என்றாள் சுசித்ரா.

மாடியே அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் மாதேஸ்வரிதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அவள் இடத்துக்குத் திரும்பவில்லை. சூத்திரம் இருக்குது, அதைப் போட்டால் சரியாக வரும் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அதெல்லாம் சரி, அந்த ஆறு இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஹரிணிக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சுசித்ராதான் எழுந்து வந்தாள். கணக்கில் அவள் வாங்குகிற மார்க்கை வைத்து யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. ஒரு சதுரம் வரைந்தாள். மேல் ஓரத்தை x என்றும் 3 என்றும் இரண்டாகப் பிரித்தாள். இடது ஓரத்தையும் அப்படியே பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டாள். ஒரு மூலையில் x², எதிர் மூலையில் ஒன்பது. மிச்சம் இரண்டு நீளமான துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சும்மா கிடந்தன. சுசித்ராவே அவற்றைப் பார்த்து ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். x ஒன்று என்றால் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மூன்று. இரண்டும் சேர்ந்தால் ஆறு.

"தா, இங்க இக்குது பாரு" என்றாள் மாதேஸ்வரி, ஒவ்வொரு துண்டாகத் தொட்டு. "ரெண்டு ஓரத்துலயும் நின்னுனு இருந்திருக்குது. நாமதான் பாக்கல."

அன்று வீட்டுக்கு வரும்போது ஹரிணி அம்மாவை விட்டு நாலடி முன்னால் நடந்தாள். கோபம் இருந்தது. ஆனால் கோபத்துக்கு உள்ளே வேறு ஏதோ ஒன்று குறுகுறுவென்று ஓடியது. சூத்திரத்தில் எத்தனையோ தடவை எழுதின 2ab அது. அதற்கு ஒரு இடம் உண்டு, நீளம் அகலம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, அடைப்புக்குறிக்கு மேல் மூன்று இருந்தால் சதுரத்துக்குப் பதில் பெட்டி வரைய வேண்டியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே குழாயை மூட மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகு வீடு முழுக்கக் கணக்காகிவிட்டது. மாதேஸ்வரி குக்கர் விசிலுக்கு நடுவில் கணக்குப் போட்டாள், துணி ஊறவைத்துவிட்டுப் போட்டாள். பேனாவால் போட்டாள், பென்சில் தொடவில்லை. ஒரு பக்கத்தில் பாதி கோடு அடித்ததாகத்தான் இருக்கும். ஹரிணியால் அந்தப் பக்கங்களைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. எட்டி நின்று பார்த்து, இங்கே குறி மாறவில்லை, இங்கே வகுக்கவில்லை என்று சிடுசிடுப்பாள். அம்மா சரி என்று ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அந்த வேகம்தான் ஹரிணிக்குப் புரியவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டேவிட்டாள், இவ்வளவு தப்பு வருகிறதே, ஒரு மாதிரியாக இல்லையா என்று.

மாதேஸ்வரி பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள்.

"கம்பெனில ஒரு வயர் மாத்தி சொருகினா போச்சு பாப்பா. செவப்பு டப்பால போட்டுட்டு, யாரு போட்டதுன்னு பேரு எழுதி வெப்பாங்க. இங்க பாரு, தப்பா, ஒரு கோடு அடிச்சிட்டு கீழ எழுதிக்கலாம். யாரும் கேக்கறது இல்ல. இவ்ளோ சொகம் எனக்கு வேற எங்க கெடைக்கும், சொல்லு."

ஹரிணி அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் இருந்த தேங்காயைத் தொடர்ந்து துருவினாள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வினிதாவின் குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரைக்கும் இதைப் போட்டு வையுங்கள் என்று போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டு அவள் போய்விட்டாள். ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட ஏழு மீட்டர் அதிகம். பரப்பு நூற்று இருபது சதுர மீட்டர். அகலம் என்ன? மாதேஸ்வரிதான் முதலில் போனாள். தோட்டத்தை வரைந்தாள். மூலையில் ஒரு தென்னை மரமும் வைத்தாள். அகலத்துக்கு x போட்டாள், நீளத்துக்கு x + 7. பெருக்கினால் நூற்று இருபது என்று எழுதினாள். அதோடு நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் திரும்பி, பத்தாவது படிக்கிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வினிதா அக்கா வரட்டும் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"யாருக்குன்னா ஏதாவது தோணுதா? தப்பா இருந்தாலும் பரவால்ல. எனக்கு இங்க ஒத்தையா நிக்கறது போரடிக்குது."

மாதேஸ்வரி ஹரிணி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஹரிணி எழுந்திருக்க மாட்டாள். அடுத்த வரி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்ததும் ஓரளவு. கடைசி வரி தெரியவில்லை. தூணின் குளுமை தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அம்மா சாக்பீஸை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அந்தத் தென்னை மரம் போர்டில் கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஹரிணி எழுந்ததை முதலில் பார்த்தவள் சுசித்ராதான். அவள் காலை மடக்கி வழிவிட்டாள்.

ஹரிணி அழகான கையெழுத்தில் x² + 7x என்று எழுதினாள். நூற்று இருபதை இந்தப் பக்கம் கொண்டுவந்து, எல்லாம் சேர்ந்து பூச்சியம் என்று முடித்தாள். இனி, பெருக்கினால் நூற்று இருபதும் கூட்டினால் ஏழும் வருகிற இரண்டு எண்கள் வேண்டும். அவள் யோசித்தாள். பாயில் இருந்தவர்களும் யோசித்தார்கள். பத்தும் பன்னிரண்டும் என்றார்கள், கூட்டினால் அதிகம். இருபதும் ஆறும், அதுவும் அதிகம். நாற்பதும் மூன்றும் என்று யாரோ சொல்ல, எங்கே போகிறாய் என்று பக்கத்தில் இருந்தவள் அதட்டினாள். எதுவும் ஏழுக்கு இறங்கவே இல்லை. மாதேஸ்வரியும் பக்கத்தில் நின்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தடியில் ஹரிணிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதுகூட மறந்துபோயிருந்தது.

"ஏ ஹரிணி" என்றாள் சுசித்ரா. "நூத்தி இருவது அந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு இல்ல. மைனஸ் ஆவலையே."

ஆகவில்லை. கூட்டல் குறி பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. ஏழாம் வகுப்பில்கூடச் செய்யக்கூடாத தப்பு. ஹரிணியின் கை தானாகவே டஸ்டருக்குப் போனது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, தோட்டத்தையும் மரத்தையும் அழித்துவிட்டு, கீழே இறங்கிப் போய்விடலாம்.

"அழிக்காத பாப்பா" என்றாள் அம்மா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாம் நல்லாத்தான் இக்குது. அதை மட்டும் அடி."

பின்னால் இரண்டு பேர் வேறு பேச்சு பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தன் தப்பை யாரும் தன் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று ஹரிணி கண்டாள். அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாக்பீஸால் அந்தக் கூட்டல் குறியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மேலே சின்னதாகக் கழித்தல் குறி போட்டாள். பார்க்க நன்றாகவே இல்லை. ஆனால் அதைப் போட்டதும் பதினைந்தும் எட்டும் தன்னால் வந்து நின்றன. பதினைந்தில் எட்டு போனால் ஏழு. அவளும் அம்மாவும் ஒரே நேரத்தில் அதைச் சொன்னார்கள். பாயில் இருந்தும் அதே விடை வந்தது. x எட்டு, அல்லது கழித்தல் பதினைந்து.

"மைனஸ் பதினஞ்சு மீட்டர்ல தோட்டம் வாங்கினா எந்தப் பக்கம் நின்னு தண்ணி ஊத்தறது?" என்று மாதேஸ்வரி கேட்டாள். ஹரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்டுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, சாக்பீஸ் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். திரும்பியபோது மூக்கின் மேல் வெள்ளையாக இருந்தது. வினிதா படியேறி வந்து போர்டைப் பார்த்தாள், ஹரிணியின் மூக்கைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், அப்படியானால் அடுத்ததை எழுதுகிறேன் என்றாள்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இப்போதும் சில நாட்களில் ஹரிணி முதல் வரிக்கு முன்னால் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஆண்டுத்தேர்வில் பின்பக்கம் எல்லாம் எழுதினாள். பல இடங்களில் கோடு அடித்து எழுதினாள். நூறு வரவில்லை, எண்பதுக்கு மேல்தான் வந்தது. பெரிய கணக்கு ஒன்று கடைசி வரை தப்பாகவே போயிருந்தது. அதற்கும் டீச்சர் வரிக்கு வரி மார்க் போட்டிருந்ததைக் காட்டி, தப்பான கணக்குக்கு மூன்று மார்க் வாங்கியிருக்கிறேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். முனிராஜ் அதைப் பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் திண்டாடினார்.

மாதேஸ்வரிக்குத் தேர்வு மையம் கிருஷ்ணகிரியில் விழுந்தது. ஜூலை முதல் வாரம், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஹரிணியும் கூடப் போனாள். அம்மா உள்ளே போன பிறகு, எதிரில் புளியமரத்து நிழலில் நின்றுகொண்டாள். அப்போது பயந்தாள். தனக்காகப் பயந்ததைவிட வேறு மாதிரியான பயம் அது. உள்ளே அம்மா எந்த வரியில் நிற்கிறாளோ, குறி மாற்றினாளோ இல்லையோ என்று மதியம் வரை கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதேஸ்வரி வெளியே வந்தபோது தனியாக வரவில்லை. இரண்டு இளம்பெண்கள் அவளோடு வாதாடிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி பெயர் சுப்ரியா. போச்சம்பள்ளியில் செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறவளாம். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஒன்றையும் விடவில்லை என்று மாதேஸ்வரி மகளிடம் சொன்னாள். சொன்ன கையோடு சண்டைக்குத் திரும்பிவிட்டாள். திண்ம அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு கேட்டிருந்தார்கள். முழுப் பந்துக்கு நாலு பை ஆர் ஸ்கொயர் என்றால் பாதிப் பந்துக்கு இரண்டுதானே, இதில் என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. மூன்று என்று புத்தகத்தில் இருக்கிறது என்பது சுப்ரியாவின் கட்சி. ஏன் மூன்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு பெண் இரண்டையும் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

மரத்தடியில் வெங்கடம்மா என்றொரு அம்மாள் தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தாள். ஓசூர் பஸ் வரும் வரைக்கும் நால்வரும் அந்த வண்டியைச் சுற்றி நின்றார்கள். மாதேஸ்வரி நல்ல உருண்டையாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள். வெங்கடம்மா அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினாள். ஹரிணி ஒரு பாதியைக் கையில் வாங்கி, இதுதான் அரைக்கோளம் என்று தூக்கிப் பிடித்தாள். தோல் இருக்கிற பக்கம் எவ்வளவு என்று கேட்டாள். இரண்டு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாதேஸ்வரி வெற்றியோடு சுப்ரியாவைப் பார்த்தாள். அப்புறம் என்ன சொல்வது என்று ஹரிணிக்கும் சட்டென்று வரவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. பழத்தைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தாள். பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது.

வெங்கடம்மா இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, கையிலயே வெச்சுனு இருந்தா எப்படி? தூள் போடணுமா, வேணாமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஹரிணியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததை விரலால் எடுத்து, வெட்டின பக்கம் முழுதும் ஓரம் வரைக்கும் வட்டமாகத் தடவினாள்.

பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஓசூர் ஓசூர் என்று கத்திக்கொண்டிருந்தார். நாலு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன. பச்சைத் தோலுக்கு நடுவில், கணக்கில் யாரும் சேர்க்காமல் விட்ட அந்த ஒரு வட்டம் வெயிலில் சிவப்பாக மின்னியது. மாதேஸ்வரிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள்.